சித்திக்கு வந்திருக்க வேண்டிய கழுத்து வலி

"மேடம், கழுத்து இப்ப எப்படி இருக்கு?"

காலையில் போனை எடுத்ததும் ஒரு ஆண் குரல் இப்படிக் கேட்க, அது நான்தான் என்று சித்தி முடிவு கட்டிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு தண்ணீர் சப்ளை ஆபீசர் குரலில் பேசி, வாளியில் தொடங்கிப் பூச்சாடி வரைக்கும் வீட்டில் இருந்த எல்லாவற்றிலும் அவளைத் தண்ணீர் பிடித்து வைக்கச் செய்திருந்தேன்.

"வேலைவெட்டி இல்லாத கழுதை! குரலை மாத்திப் பேசினா எனக்குத் தெரியாதா? கழுத்தா? கிட்ட வாடி, உன் கழுத்தைத் திருகிக் காட்டுறேன் எப்படி இருக்குன்னு!"

மறுமுனையில் அந்தக் குரல், "சாரி மேடம், நான் அப்புறமா கூப்பிடட்டுங்களா?" என்றது.

அந்த நேரம் பார்த்துத்தானா நான் வாயெல்லாம் நுரையோடு குளியலறையிலிருந்து வெளியே வரவேண்டும்? கையில் பிரஷ் மட்டும்தான் இருந்தது. சித்தி என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். சித்தி ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மன்னிச்சுக்குங்க. எங்க வீட்ல ஒரு குரங்கு இருக்கு. அதுன்னு நினைச்சுட்டேன். நீங்க யாரு?"

"இன்சூரன்ஸ்ல இருந்து பேசுறேன் மேடம். போன வாரம் உங்க கார் சிக்னல்ல நின்னப்ப பார்சல் வேன் ஒண்ணு பின்னால வந்து இடிச்சதில்ல, அந்த வேனோட இன்சூரன்ஸ். சார் போனை எடுக்கல. கார் கண்ணாடியில எழுதியிருக்கிற ரெண்டாவது நம்பர் உங்களுதுதானே?"

"இடிச்சுதா? எங்க காரையா?"

"ஆமா மேடம். முன் சீட்டுல நீங்க உக்காந்திருந்தீங்க. கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னு சார் போன்ல சொன்னாரு. பம்பருக்கும் கழுத்துக்கும் சேர்த்துத்தான் க்ளெய்ம் போட்டிருக்கோம். எங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டீங்கன்னா…"

சித்தி போனை ஸ்பீக்கரில் போட்டாள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

"இங்க பாருங்க. நான் எந்த முன் சீட்டுலயும் உக்காரல. எந்த வேனும் என்னை இடிக்கல. என் கழுத்து கல்லு மாதிரி இருக்கு."

"மேடம், உங்க வீட்டுக்காரரேதான் சொன்னாரு, நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு."

"அவரு சொன்னா? கழுத்து என்னோடதுங்க. அது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

குரல் கொஞ்சம் இறங்கியது. "யோசிச்சுச் சொல்லுங்க மேடம். நீங்க இல்லைன்னு சொன்னா இது பொய் க்ளெய்ம்னு ஆயிடும். பம்பருக்கும் சேர்த்து எல்லாமே நின்னுடும். சார் மேல கேஸ் போட்டாலும் போடுவாங்க. வியாழக்கிழமை எங்க ஆபீசர் வீட்டுக்கே வருவாரு, அவர்கிட்ட சொல்லுங்க."

"வரட்டும். அந்தக் கழுத்து யாரோடதுன்னு எனக்கும் தெரியணும்."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் வாயைக் கொப்பளிக்கவே மறந்து நின்றேன்.

"விபத்துன்னா பரவாயில்லடி. யாருக்கும் வரும். ஆனா முன் சீட்டு!" என்றாள்.

அந்த வார்த்தையின் கனம் புரிய வேண்டுமானால் சித்தப்பாவின் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். சித்தப்பா மீன் தொட்டி செய்கிறவர். கண்ணாடியை அளந்து வெட்டி, பசை வைத்து ஒட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டி, பம்ப் வைத்து, மீனும் விட்டுவிட்டு வருவார். அவர் காரின் முன் சீட்டில் எப்போதும் ஒரு தொட்டி உட்கார்ந்திருக்கும். கம்பளி போர்த்தி, பெல்ட் போட்டு, ஒரு கைக்குழந்தையை வைப்பது போல வைத்திருப்பார். சித்தி பின்னால் கூழாங்கல் மூட்டைக்கும் ரப்பர் குழாய்க்கும் நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு வருவாள்.

"தொட்டியைப் பின்னால வச்சா விரிசல் விட்டுடும்மா" என்பார் சித்தப்பா.

"நான் விரிசல் விட்டா பரவாயில்லையா?" என்பாள் சித்தி.

கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் சண்டை இது. அந்த இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு வசதியாக உட்கார்ந்திருக்கிறாள் என்றால் சித்திக்கு எப்படி இருக்கும்?

பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்றும் நான் அதை வேண்டாம் என்றும் ஒரே சமயத்தில் சொல்லிக்கொண்டதிலிருந்து நான் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். வந்த புதிதில் இந்த வீட்டில் நான்கு பேர் என்றுதான் நினைத்தேன். சித்தப்பா, சித்தி, நான், அப்புறம் சித்தியின் பொறாமை. அதுவும் சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடும்.

சித்தப்பா போனில் வழி சொல்லும் பெண் குரல் இருக்கிறதல்லவா, அதன் மேல்கூட அவளுக்கு வயிற்றெரிச்சல். "நான் வலது பக்கம் திரும்புங்கன்னா காதுலயே விழாது. அவ சொன்னா உடனே திரும்புறீங்க." அதற்குப் பிறகு அந்த போனில் ஆண் குரல்தான் வழி சொல்கிறது. கூடத்துத் தொட்டியில் ஒரு ஆரஞ்சு மீன் இருந்தது. அதைப் பார்த்து சித்தப்பா ஒருநாள், "இவ ரொம்ப சமத்து, கூப்பிட்டா வந்துடுவா" என்று சொல்லித் தொலைத்தார். மறுவாரமே அந்த மீன் பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பறைக்குக் குடி போய்விட்டது.

பல் டாக்டர்களை சித்திக்கு நிறையத் தெரியும். அவள் வேலை செய்வது பல் செட் செய்கிற இடத்தில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இங்கே மெழுகில் வைத்துப் பார்த்து, ஈறு மாதிரி இளஞ்சிவப்பில் வார்த்து, பல்லை நட்டு, கடைசியில் சித்தியின் கைக்கு வரும். சுழல்கிற துணிச் சக்கரத்தில் ஈரப்பொடி பூசி அதைத் தேய்த்து மினுமினுக்க வைப்பது அவள் வேலை. சாயங்காலம் புருவமெல்லாம் ரோஸ் பவுடரோடு வருவாள். யார் பல் என்று அவர்களுக்குத் தெரியாது, ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு நம்பர்தான் இருக்கும். நம்பரைப் பார்த்தும் பொறாமைப்பட சித்தியால் முடியும். "இன்னைக்கு ஒண்ணு வந்துச்சுடி. ஒரு பல்லை மட்டும் லேசா கோணலா வைக்கச் சொல்லியிருக்காங்க. அப்பதான் சொந்தப் பல்லு மாதிரி இருக்குமாம். எவ்வளவு கள்ளத்தனம் பாரு! நான் மாங்கு மாங்குன்னு தேய்க்கிறேன், எவளோ ஒருத்தி அதை மாட்டிக்கிட்டு எவனைப் பார்த்துச் சிரிக்கப்போறாளோ."

நாங்கள் அன்று விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் சித்தப்பா வந்தார். காரின் பின் பம்பர் ஒரு வாரமாக நீலக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தி வைத்திருந்தபோது யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். சித்தி தட்டை வைத்தாள், பரிமாறினாள், எதிரில் உட்கார்ந்தாள்.

"பம்பரை யாரு இடிச்சாங்கன்னு சொன்னீங்க?"

"யாரோ. நான் உள்ள பம்ப் மாட்டிட்டு இருந்தேன். வந்து பார்த்தா இப்படித் தொங்குது."

"வண்டில யாரும் இல்லையா?"

"யாரு இருப்பா? தொட்டிதான் இருந்துச்சு."

"தொட்டிக்குக் கழுத்து உண்டா?"

சித்தப்பாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க, ஆறிடும்."

அவ்வளவுதான் கேட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது, "நேரா கேட்டுட வேண்டியதுதானே சித்தி?" என்றேன்.

"கேட்டா சொல்லிடுவாருடி" என்றாள். குழாயைத் திறந்து விட்டு ரொம்ப நேரம் ஒரே கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எழுந்தபோது சித்திக்கு நிஜமாகவே கழுத்து வலித்தது. தலையணை சரியில்லை என்றாள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, "அவளுக்கு எந்தப் பக்கம் வலிச்சிருக்கும்? இடமா வலமா?" என்று கேட்டாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் வீட்டைவிட்டு ஓடிப்போனால்கூட என்னை யாராவது இப்படி நினைத்துக்கொண்டு இருப்பார்களா என்று தெரியவில்லை. தைலத்தைக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.

அன்றிலிருந்து நாங்கள் தெருவில் போகிற பெண்களின் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தோம். மருந்துக் கடையில் கழுத்துப் பட்டையோடு யாரோ நிற்பதைப் பார்த்து சித்தி என் கையைக் கிள்ளினாள். பின்னாலேயே போய்ப் பார்த்தால் அது நீளமுடி வைத்த ஒரு ஆள். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பாமலே வந்தார். சித்தி, "ஏங்க, கழுத்து வலியா?" என்று கேட்டே விட்டாள். "இல்லம்மா, வெயில் கண்ணுல குத்துது" என்றார் அவர்.

சந்தேகப் பட்டியலில் முதலிடத்தில் பார்லர்காரி இருந்தாள். மூன்று தெரு தள்ளி அழகு நிலையம் வைத்திருப்பவள். அவள் கடையில் சுவர் நீளத்துக்கு ஒரு தொட்டி இருக்கிறது. சித்தப்பா வாராவாரம் போய் அதைக் கழுவிவிட்டு வருவார், காசு வாங்கமாட்டார். "அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் நாலு பேரு என்னைக் கூப்பிடுறாங்க, அது விளம்பரம்மா" என்பது அவர் பக்கத்து நியாயம். சித்தி அந்த இடத்துக்கு வைத்திருந்த பெயர் ஓசித் தொட்டி.

"வா, முடி வெட்டிக்கலாம்" என்றாள் என்னிடம்.

"எனக்கா?"

"எனக்கு."

சித்தி நினைவு தெரிந்து முடியை வெட்டியதில்லை. பெரிய கண்ணாடிக்கு முன்னால் துணி போர்த்தி உட்கார்ந்தாள். கண் மட்டும் கண்ணாடியில் பின்னால் நிற்பவளின் கழுத்தில் இருந்தது. பார்லர்காரி நல்ல கலகலப்பு. "மீன் சாரோட வீட்டுக்காரம்மாவா நீங்க? அடடா, முன்னாடியே வரக்கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே, போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கி யாருக்கோ விலை சொல்லிக்கொண்டு, இடது பக்கம் திரும்பிச் சீப்பை எடுத்து, வலது பக்கம் திரும்பி வேலைக்காரப் பெண்ணைத் திட்டி, அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்து, குனிந்து தரையைப் பார்த்து… அந்தக் கழுத்துக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்களா என்று எனக்கே தோன்றியது.

வெளியே வந்ததும் சித்தி தோளுக்கு மேல் ஏறிப்போன முடியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "நல்லாத் திரும்புது" என்றாள் வருத்தமாக. ஆள் கிடைத்துவிட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் போல.

சாயங்காலம் சித்தப்பா முடியைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. அந்தக் குற்றமும் கணக்கில் ஏறியது.

வியாழக்கிழமை வந்தது. ஆபீசர் என்றதும் நான் மீசையோடு ஒருவரை எதிர்பார்த்தேன். வந்தவர் ஒல்லியாக, பைக்குக்கே பயந்தவர் மாதிரி ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசற்படி ஏறினார். சித்தி லீவு போட்டிருந்தாள். சித்தப்பாவையும் போன் போட்டு வரச்சொல்லியிருந்தார்கள். அவர் கையில் பசை காயாமல் வந்து நின்றார். ஆபீசர் கூடத்துத் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

வாசலில் வேற்று ஆள் பைக் நின்றால் மாடியம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. நாங்கள் கீழே குடியிருக்கும் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான். தனி ஆள், மேலே இருக்கிறார். சித்தியைவிடக் கொஞ்சம் வயது கூட, நிறம் கூட, நகை கூட. "கேட்டை மறிச்சு வண்டியை யாரு விட்டது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார். கொளுத்துகிற வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு. ஒரு வாரமாகச் சளி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீசரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். சித்தப்பாவும் அவரைப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தொட்டியிலிருந்த மீன்களை எண்ணத் தொடங்கினார்.

"மேடம், சுருக்கமா முடிச்சிடலாம்" என்றார் ஆபீசர். "இடிச்சப்ப வண்டியில இருந்தது நீங்களா இல்லையா? போன்ல இல்லைன்னு சொன்னீங்களாம். இப்பவும் அதேதானா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

சித்தி முந்தின நாள் முழுக்க இதற்குத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள். எனக்கு எதிரிலேயே நின்று, "அது என் கழுத்து இல்ல சார். யார் கழுத்துன்னு இவரையே கேளுங்க" என்று மூன்று விதமாகச் சொல்லிக்காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டிருந்தாள். மூன்றாவதுதான் நன்றாக இருந்தது, கடைசியில் குரல் உடையும்.

இப்போது சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் நகத்திடுக்கில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சட்டையின் மேல் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"நான் இல்லைன்னா இவரை என்ன பண்ணுவீங்க?"

"அது மேல இருக்கிறவங்க முடிவு மேடம். பொய்யா க்ளெய்ம் கேட்டதா ஆயிடுமில்ல. போலீசுக்குப் போகலாம்."

"ஆமான்னு சொன்னா இவருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது."

சித்தி கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். கொஞ்சம் யோசித்து வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க இருந்தேன்" என்றாள். "முன் சீட்டுலதான் இருந்தேன். இன்னும் வலிக்குது."

எனக்குக் கண் கரித்தது. சித்தியா இது? ஊரிலுள்ள கழுத்தையெல்லாம் சல்லடை போட்டுத் தேடியவள், யாரோ ஒருத்தியின் வலியைத் தன்னுடையது என்று எடுத்து மாட்டிக்கொள்கிறாள். எல்லாம் அந்தப் பொத்தான் மாற்றிப் போட்ட மனிதனுக்காக.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா?

"நீ எங்கம்மா இருந்தே?" என்றார் திகைத்துப்போய். "சார், இவ வேலைக்குப் போயிருந்தா. இவ வண்டியிலயே இல்ல சார்."

ஆபீசர் தலையில் கைவைத்தார். ஹெல்மெட் தட்டுப்பட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்து கழற்றினார்.

"சார், நீங்கதானே போன்ல சொன்னீங்க, வீட்டுக்காரம்மா கூட இருந்தாங்க, அவங்களுக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னு?"

"ஆமா சார். வீட்டுக்காரம்மா இருந்தாங்க."

"அப்ப இவங்க யாரு?"

"இவ எங்க வீட்ல."

"உங்க வீட்லன்னா வீட்டுக்காரம்மாதானே?"

"இல்ல சார். எங்க வீட்ல வேற, வீட்டுக்காரம்மா வேற."

"எனக்குப் புரியல. இந்த வீட்டுக்கு வீட்டுக்காரம்மா இவங்க இல்லையா?"

"இவளுக்கு எங்க சார் வீடு இருக்கு? நாங்க வாடகைக்கு இருக்கோம்!"

நானெல்லாம் குரல் மாற்றிப் பேசி, யோசித்து யோசித்து ஆட்களைக் குழப்புகிறவள். சித்தப்பா தன் சொந்தக் குரலிலேயே, முழு நேர்மையோடு, அதைவிடப் பிரமாதமாகச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு மனைவி என்றால் 'எங்க வீட்ல'. யாராவது ஏதாவது கேட்டால், 'எங்க வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்பார். வீட்டுக்காரம்மா என்றால் வீட்டுக்குச் சொந்தக்காரம்மா. ஊர் முழுக்க அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் ஓடுவது, வாரம் முழுக்க மீனோடு பேசுகிறவருக்கு எப்படித் தெரியும்?

மெதுவாக எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. கம்பளித் துண்டு கொஞ்சம் பின்வாங்கியது.

"மாடியா?" என்றாள் சித்தி. நேரில் அக்கா என்பவள், முதல் தடவையாக அவர் எதிரிலேயே அப்படிச் சொல்லிவிட்டாள்.

"நீங்களாம்மா இருந்தது?" என்று ஆபீசர் எழுந்து நின்றார். "உங்களுக்கா கழுத்து?"

மாடியம்மா தலையாட்டப் பார்த்து, வலி தாங்காமல் பாதியில் நிறுத்தினார். "ஆமாங்க" என்றார்.

"எங்க போயிட்டு வந்துட்டு இருந்தீங்க?"

மாடியம்மா வாயைத் திறந்தார். "அது வந்து… நான்…" என்று இழுத்தார். சித்தப்பா மறுபடி முதலிலிருந்து மீன் எண்ணினார்.

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் மாடியம்மாவின் கழுத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் வரிசையில் ஓரத்துப் பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறி, அழகான கோணலில் இருந்தது. மினுமினுப்பு அப்படி ஒரு மினுமினுப்பு. சித்தியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்துத் திருப்புவது போலத் தானாக அசைந்தன. மாடியம்மா சித்தியின் கண் போன இடத்தைக் கவனித்துவிட்டார். பட்டென்று வாயை மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரர் முகமே இல்லை அது.

ஒரு வார்த்தை போதும். சித்தி அதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

"எங்க போனா என்ன சார்?" என்றாள் சித்தி. "க்ளெய்ம் கழுத்துக்கா, போன இடத்துக்கா?"

"இல்ல, சும்மா எழுதிக்கலாம்னு…"

"கடைக்குப் போனாங்கன்னு எழுதிக்குங்க. பொம்பளைங்க எல்லாரும் கடைக்குத்தான் போவோம்."

ஆபீசருக்கு அதற்குமேல் அந்த வீட்டில் எதையும் தெரிந்துகொள்ள ஆசை இல்லை. மனைவி இல்லை, வீட்டின் சொந்தக்காரர் என்று திருத்தி எழுதிக்கொண்டார். டாக்டரிடம் எப்போது வரவேண்டும் என்று மாடியம்மாவிடம் சொன்னார். போகும்போது சித்தப்பாவிடம், "சார், இனிமே யாரு கேட்டாலும் ஓனர்னு சொல்லுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் பைக் சத்தம் மறைந்ததும் சித்தி கதவைச் சாத்தினாள்.

"இடிச்சது என்கிட்ட சொல்லக்கூடாதா? யாரோ இடிச்சாங்களாம், இவரு உள்ள பம்ப் மாட்டிட்டு இருந்தாராம்!"

"சொன்னா, கூட இருந்தது யாருன்னு கேப்பியே" என்றார் சித்தப்பா.

"நான்தாம்மா சொல்லக்கூடாதுன்னு தம்பிகிட்ட சத்தியம் வாங்கினேன்" என்றார் மாடியம்மா. துண்டால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசினார். "அவனைக் கோவிச்சுக்காதே. நான் போன விஷயம் அப்படி."

"எந்த விஷயம்? நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் சித்தி. பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "துண்டை எடுங்கக்கா. நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கோணலா இருந்தாத்தான் சொந்தமா தெரியும்" என்றாள்.

மாடியம்மாவின் துண்டு மெல்ல இறங்கியது.

என் சித்தியைப் பற்றி இந்த இடத்தில் முடித்தால் அவள் தெய்வம் ஆகிவிடுவாள். ஆனால் சமையலறைக்கு என்னை இழுத்துக்கொண்டுபோய் அவள் கிசுகிசுத்தது இதுதான்: "நான் தேய்ச்சுக் குடுத்த சிரிப்புடி அது! அதை முதல் முதலா யாருக்குக் காட்டியிருக்கா பாரு! அதுவும் முன் சீட்டுல உக்காந்து!"

டீயோடு திரும்பி வந்தபோதும் அவளால் விடமுடியவில்லை. "முன் சீட்டு வசதியா இருந்துச்சாக்கா?" என்றாள்.

"வசதியா? மடியில ஒரு கண்ணாடித் தொட்டியை வச்சுட்டான்மா உன் புருஷன். கழுத்து பிடிக்காம என்ன செய்யும்?" என்று மாடியம்மா டம்ளரை வாங்கிக்கொண்டார். "சரி, தொட்டியாவது பேசாம வந்துச்சு. இவன் வழியெல்லாம் உன் புராணம். எனக்குக் காதுதான் முதல்ல வலிச்சுது."

"என் புராணமா?"

"எதுக்கோ பல்லுப் பேச்சு வந்துச்சு. உடனே ஆரம்பிச்சுட்டான். எங்க வீட்ல முன் பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும், அவ சிரிச்சா கையால மூடிக்குவா, அது ரொம்ப அழகுன்னு அவளுக்கே தெரியாது, அந்தச் சந்தைப் பார்க்கவே நான் ஏதாவது உளறி அவளைச் சிரிக்க வைப்பேன், அப்படின்னான். நீ முடி வெட்டிக்கிட்ட அன்னைக்கும் மாடிக்கு வந்து புலம்பினான். கழுத்து தெரியுது, அழகா இருக்கு, எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னு."

சித்தப்பாவின் காது இரண்டும் அந்தப் பழைய ஆரஞ்சு மீன் நிறத்துக்கு வந்திருந்தன. சித்தி இனி அழுவாள், இல்லை சிரிப்பாள் என்று நான் காத்திருந்தேன்.

"இதையெல்லாம் உங்ககிட்ட எதுக்குச் சொன்னாரு?" என்றாள் சித்தி. மூக்கு நுனி சிவந்துவிட்டது. "ஏங்க, இவங்ககிட்ட எதுக்குச் சொன்னீங்க? என்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா? சொல்லுங்க. இப்பச் சொல்லுங்க."

"எதைம்மா?"

"சொன்னதைத்தான்."

சித்தப்பா வாயைத் திறந்தார். மூடினார். தொட்டியிலிருக்கும் மீன் செய்வதையேதான் அவரும் செய்தார். பிறகு, "பசை காஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து, வேலை விட்டு வந்ததும் முகம் கழுவாமல்கூட சித்தி வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள். மாடியம்மாவின் கழுத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறாள். பார்க்கிறவர்கள், குடியிருப்பவள் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்கிறார்கள். நான் கூடப் போயிருக்கிறேன், எனக்குத் தெரியும். பையை வைத்ததுமே, "அக்கா, முதல்ல இருந்து சொல்லுங்க. சிக்னல் வர்றதுக்கு முன்னாடி என்ன சொன்னாரு?" என்று தொடங்கிவிடுவாள். மாடியம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடமாட்டார். கொஞ்சம் சொல்லிவிட்டு, "போதும்மா, பேசினா கழுத்து இழுக்குது, மீதியை நாளைக்குச் சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

நேற்று சித்தி படியிறங்கி வரும்போதே முகம் சரியில்லை. வெந்நீர்ப் பையைப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் கவிழ்த்து ஊற்றினாள்.

"என்ன சித்தி?"

"அன்னைக்கு 'ரொம்ப அழகு'ன்னு சொன்னாருன்னாங்க. இன்னைக்குக் கேட்டா வெறும் 'அழகு'தானாம்" என்றாள். மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அந்த 'ரொம்ப'வை அவளே வச்சுக்கிட்டாடி."